ரத்தத்தில் 50 சதவீதத் தள்ளுபடி

2022இல் வந்த 'கேஜிஎஃப்' இரண்டாம் பாகத்தில் ஒரு காட்சி. பீரங்கிக்குத் தம்பி முறையாகும் ஒரு துப்பாக்கியோடு நாயகன் காவல் நிலையத்துக்கு எதிரில் வந்து நிற்கிறான். கட்டடத்தையும் வாசலில் நின்ற ஜீப்புகளையும் சல்லடையாகத் துளைக்கிறான். சுட்டு முடிக்கும்போது குழாய் பழுக்கக் காய்ந்து சிவந்திருக்கிறது. அதில் சிகரெட்டை வைத்துப் பற்றவைத்துக்கொள்கிறான். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்த இந்திய அரசு அப்போதுதான் பதறி எழுந்து திரையின் அடியில் ஓடி வருகிறது: புகை பிடித்தால் புற்றுநோய் வரும், உயிர் போகும்.

காவல் நிலையத்தைச் சுட்டால் என்ன வரும் என்று ஒரு வரி இல்லை. விசில் வரும் என்பது அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். படத்துக்கு யு/ஏ.

அந்த எச்சரிக்கையின் மேல் எனக்குப் பகையில்லை. சிகரெட் கெடுதல்தான். விதியும் சுகாதார அமைச்சகத்தின் விதி. அடியில் எழுத்து ஓடுகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவதுதான் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் வேலை. ஆனால் ஒரே காட்சியில் ஆயிரம் தோட்டாவும் ஒரு சிகரெட்டும் இருக்க, சிகரெட்டை மட்டும் கையும் களவுமாகப் பிடிக்கிற கண்ணுக்கு எந்த மருத்துவரிடம் போவது?

வாரியம் வன்முறையை வெட்டுகிறது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வாரியமே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. அது வெட்டுவது வலியை. அடி இருக்கலாம், அடிபட்டவன் துடிக்கக் கூடாது. கொலை இருக்கலாம், பிணம் கூடாது. இந்த ஏற்பாட்டில் கொலைகாரனுக்கு ஒரு குறையும் இல்லை.

நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் இருக்கிறது. சென்னை மண்டல அலுவலகம் அங்கேதான். 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் ஓர் ஆய்வுக் குழு படம் பார்க்கும். தயாரிப்பாளருக்கு அதன் முடிவு ஒத்துவராவிட்டால் மறுஆய்வுக் குழு, ஒன்பது பேர் வரை. இவர்கள் கையில் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் இருக்கும். வன்முறை போன்ற சமூக விரோதச் செயல்கள் போற்றப்படவோ நியாயப்படுத்தப்படவோ கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. நல்ல விதி. அதை நேர்மையாக ஒரே ஒரு பொங்கலுக்குக் கடைப்பிடித்தால் போதும், அந்தப் பொங்கலுக்கு ஒரு நட்சத்திரப் படமும் வராது. நாயகன் அறிமுகமாகும் முதல் ஐந்து நிமிடமே வன்முறையைப் போற்றுவதுதானே? மெதுவாக நடந்து வருவது, பின்னால் வண்டி வெடிப்பது, நாற்பது பேர் விழுந்து கிடக்க அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வது, எல்லாமே அதற்கான சடங்குதான்.

இதைத் தடுக்க வாரியத்துக்குத் துணிவில்லை. தடுத்தால் மறுநாள் அலுவலக வாசலில் பால் குடத்தோடு ரசிகர் மன்றம் நிற்கும். போற்றுதலை அளக்கவும் அவர்களிடம் கருவி கிடையாது. ரத்தத்தை அளக்கலாம். லிட்டர் கணக்கு முடியாவிட்டால் சதவீதக் கணக்கு. அப்படிப் பிறந்ததுதான் வெட்டுப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் அந்த வாக்கியம்: இன்ன காட்சியில் வன்முறையை 50 சதவீதம் குறைக்கவும். ஆடி மாதம் தி.நகர்க் கடைகளில் துணிக்குத் தள்ளுபடி போடுவது மாதிரி, ரத்தத்துக்கும் போட்டுவிட்டார்கள்.

சாலிகிராமத்தில் ஏதோ ஒரு எடிட் அறை. இரவு இரண்டு மணி. வெள்ளிக்கிழமை படம் வர வேண்டும். நான் கற்பனையில்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த அறைகளில் உட்கார்ந்தவர்கள் யாரும் இதைப் படித்து ஆச்சரியப்படப் போவதில்லை.

"அண்ணே, பதினேழாவது ஐட்டம். 'அரிவாளால் வெட்டுவதை ஐம்பது சதவீதம் குறைக்கவும்'னு போட்டிருக்கு."

"மொத்தம் எத்தனை வெட்டு?"

"எட்டுண்ணே."

"நாலை எடுத்துரு."

"எந்த நாலை?"

"எந்த நாலுன்னு அவங்க போட்டிருக்காங்களா?"

"இல்லண்ணே."

"அப்ப ஒத்தப்படையை எடு. ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு."

"அஞ்சுலதாண்ணே ஆள் சாகுறான்."

"பரவால்ல, ஆறுல சாவட்டும். ரத்தம் தெறிக்கிறது என்ன ஆச்சு?"

"டிஐயில சொல்லிட்டேன். சிவப்பை இறக்கிட்டா கறுப்பாத் தெரியும். கிரீஸ்னு நெனச்சுக்குவாங்க."

"சத்தத்தைப் பத்தி ஏதாவது சொல்லிருக்காங்களா?"

"ஒண்ணும் சொல்லலண்ணே."

"அப்ப அதை ஏத்திவிடச் சொல்லு."

இப்படித்தான் நம் சண்டைக் காட்சிக்கு ஒரு இலக்கணம் வந்து சேர்ந்தது. அரிவாள் மேலே போகும். சதையில் இறங்குவதற்கு இரண்டு ஃப்ரேம் முன்னால் வெட்டு. பக்கத்தில் நிற்கும் அடியாளின் முகம். அவன் முகத்தில் ஒரு பயம், ஒரு துளி. மறுபடி நாயகனின் கண். கீழே யார் கிடக்கிறான், எங்கே பட்டது, செத்தானா பிழைத்தானா, ஒன்றும் தெரியாது. காதுக்கு மட்டும் தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம், ஆறு மடங்கு பெரிதாக. ஏனென்றால் 'சத்' என்ற ஒலிக்கு வாரியம் இதுவரை சதவீதம் குறிக்கவில்லை. சில இயக்குநர்கள் முன்ஜாக்கிரதையாகச் சண்டையை மழையிலோ இருட்டிலோ புழுதியிலோ எடுத்துவிடுகிறார்கள். விமர்சகர்கள் அதை ஒளிப்பதிவின் கவித்துவம் என்று எழுதுகிறார்கள்.

இதன் பலனை யோசித்துப் பாருங்கள். எட்டு வெட்டும் முழுதாக இருந்து, வெட்டுப்பட்டவன் மண்ணில் புரண்டு, அம்மாவைக் கூப்பிட்டு, ஐந்து நிமிடம் இழுத்துக்கொண்டு செத்தால், பார்க்கிறவனுக்கு வயிற்றைப் பிசையும். அரிவாளைத் தூக்கியவன் மேல் வெறுப்பு வரும். அந்தப் படம் ஏ. அதே ஆள் சத்தமில்லாமல் சட்டகத்துக்கு வெளியே விழுந்து, அவனுக்குப் பின்னால் இன்னும் முப்பத்தொன்பது பேர் அதே மாதிரி விழுந்தால், குடும்பத்தோடு பார்க்கலாம். ஒருவனைக் கொல்வது குழந்தைக்குக் கெடுதல். நாற்பது பேரைக் கொல்வது பொழுதுபோக்கு. கொலை துடைத்த பாத்திரம்போலச் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

முத்தத்துக்கும் இதே கணக்குதான் என்றாலும் அங்கே தராசு இன்னும் துல்லியம். 2015இல் 'ஸ்பெக்டர்' வந்தபோது ஜேம்ஸ் பாண்டின் முத்தங்களைப் பாதியாக்கினார்கள். 2025இல் 'சூப்பர்மேன்' படத்தில் 33 விநாடி முத்தக் காட்சியைத் தூக்கினார்கள். கட்டடங்கள் சரிந்ததும் ஊரே இடிந்ததும் அப்படியே இருந்தன. நகரம் அழிவதைப் பார்க்கிற வயது நம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விரும்புவதைப் பார்க்கிற வயது இன்னும் வரவில்லை.

வாரியத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் தயாரிப்பாளர்கள் நன்றி சொல்வார்கள். அந்த வாய்ப்பை அவர்களுக்குத் தருவதாக இல்லை. கத்தரிக்கோலின் ஒரு வளையத்தில் அரசின் விரல் இருந்தால் இன்னொன்றில் இருப்பது அவர்கள் விரல். ஏ என்றால் தொலைக்காட்சியில் போட முடியாது. மறுபடி வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். சாட்டிலைட் உரிமைக்குப் பேசிய விலை இறங்கும். குடும்பக் கூட்டம் வராது. தமிழ்நாட்டில் இன்னொரு கூத்தும் நடந்தது. 2006இல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்றார்கள். 2011இல் ஆட்சி மாறியது, நிபந்தனை கூடியது: யு சான்றிதழ் வேண்டும், தமிழ்ப் பண்பாட்டை வளர்க்க வேண்டும், வன்முறையும் ஆபாசமும் மிகக் கூடாது. அப்போது வரி 30 சதவீதம். ஜிஎஸ்டி வரும்வரை, 2017 வரை, நம் எடிட்டர்கள் பண்பாட்டை வளர்த்தார்கள். யு/ஏ கொடுத்தால் போதாது, இன்னும் வெட்டுகிறோம், யு கொடுங்கள் என்று தயாரிப்பாளரே வாசலில் நின்றார். எந்த நாட்டிலாவது வெட்டப்படுகிறவன் வரிசையில் நின்று 'இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள் ஐயா' என்று கேட்டதுண்டா? இங்கே கேட்டார்கள். கருத்துச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு என்பார்கள். அது டிக்கெட்டில் 30 சதவீதம் என்று நமக்குத்தான் தெரியும்.

2025 ஆகஸ்ட் 14 அன்று 'கூலி' ஏ சான்றிதழோடு வந்தது. ரஜினிகாந்த் படத்துக்குப் பேரப்பிள்ளைகளோடு போனவர்கள் வாசலில் மறிக்கப்பட்டார்கள். தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சினிமா ஒரு கலை, அதை வயது வந்தவர்கள் முழுதாகப் பார்க்கட்டும் என்று வாதாட அல்ல. 'கேஜிஎஃப்'புக்கும் 'பீஸ்ட்'டுக்கும் யு/ஏ கொடுத்தீர்களே, எங்கள் படத்தில் மட்டும் என்ன கண்டீர்கள் என்று கேட்க. அடுத்த வீட்டுப் பிணம் எங்கள் வீட்டுப் பிணத்தைவிடச் சின்னதா என்ற வாதம். வாரியம் என்ன சொன்னது? வெட்டினால் யு/ஏ தருகிறோம் என்றோம், வெட்டாமல் ஏ வாங்கிக்கொண்டு போனது அவர்கள்தான். நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. குழந்தைகளுக்கு எது நல்லது என்ற பேரில் நடந்த இந்த வழக்கில் குழந்தை எந்தப் பக்கம் இருந்தது? டிக்கெட் பக்கம்.

'கேஜிஎஃப்' பற்றிய கேள்வி மட்டும் நியாயமானதுதான். அதற்கு வாரியத்திடம் பதில் இருந்திருக்காது. பதில் சொல்ல அளவுகோல் வேண்டுமே.

அளவுகோலே இல்லாத வெட்டுக்கு உச்சபட்ச நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்'. சென்னை மண்டலக் குழு அதில் 52 வெட்டு கேட்டது. வட சென்னையில் ஒரே நாளில் நடக்கும் கதை. கடத்தல்காரர்கள், கிழட்டுத் தலைவன், சேவல் சண்டைக்காரன், அவன் மகன். இவர்கள் சங்கத்தமிழ் பேசியிருக்க வேண்டும் என்று குழு எதிர்பார்த்ததுபோலிருக்கிறது. படக்குழு குனியவில்லை. டில்லியில் இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அங்கே போய்த்தான் படம் உயிரோடு திரும்பியது. ஏ சான்றிதழோடு 2011இல் வெளியானது. அடுத்து நடந்ததுதான் விசேஷம். அதே இந்திய அரசு, அதே தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், தேசிய விருது அறிவித்தது. இயக்குநருக்கு அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருது. இன்னொரு விருது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சிறந்த படத்தொகுப்பு. பிரவீனும் ஸ்ரீகாந்தும் வாங்கினார்கள்.

52 இடத்தில் தொகுப்பு சரியில்லை என்று சொன்ன கையும், நாட்டிலேயே சிறந்த தொகுப்பு இதுதான் என்று பதக்கம் குத்திய கையும் ஒரே உடம்பில் இருக்கின்றன. இடக்கை செய்வதை வலக்கை அறியாமல் இருப்பது தானத்துக்கு அழகு என்பார்கள். அரசாங்கத்துக்குமா? அந்தத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டத்தில் அதைக் கலைத்துவிட்டார்கள். இனி ஒரு 'ஆரண்ய காண்டம்' வந்தால் அதன் தயாரிப்பாளர் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வட்டிக்கு வாங்கிய காசு வளர்ந்துகொண்டே இருக்கும், வாய்தாவும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு 52 வெட்டே தேவலை என்று தோன்றிவிடும். அப்படித் தோன்ற வைப்பதற்குத்தானே கலைப்பு?

வெள்ளைக்காரன் ஊரில் மட்டும் எல்லாம் ஒழுங்கு என்று யாரும் மயங்க வேண்டாம். பிரிட்டனில் ஒரு காலத்தில் நுன்சாக்கு என்கிற சங்கிலித் தடியைக் கண்டாலே வாரியத்துக்கு வலிப்பு வரும். புரூஸ் லீ படத்தில் வெட்டினார்கள், சரி. நிஞ்ஜா ஆமைகள் படத்தின் இரண்டாம் பாகத்தில் ஒரு ஆமை இறைச்சிக் கடைச் சாசேஜ் மாலையைச் சுழற்றியது. தூரத்திலிருந்து பார்த்தால் நுன்சாக்கு மாதிரி இருக்கிறதென்று அந்தச் சாசேஜையும் வெட்டினார்கள். அமெரிக்காவில் தரம் பிரிப்பது அரசாங்கம் இல்லை, சினிமாக்காரர்களே நடத்தும் அமைப்பு. அதனால் கத்தரிக்கோல் கல்லாப்பெட்டிக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 1984இல் ஸ்பீல்பெர்க் யோசனை சொல்ல, பிஜி-13 என்று ஒரு புதுப் படிக்கட்டு கட்டினார்கள். எல்லா அதிரடிப் படமும் அதில் ஏறி நின்றுகொண்டது. 2007இல் 'டை ஹார்ட்' நான்காம் பாகத்தைப் பிஜி-13க்குள் அடக்க வேண்டி வந்தபோது, நாயகனின் புகழ்பெற்ற வசை வசனம் தடையாக நின்றது. என்ன செய்தார்கள்? அந்த வார்த்தையின் மேலேயே துப்பாக்கி வெடிக்கிற மாதிரி அமைத்து அதை அமுக்கினார்கள். பிள்ளைகள் காதில் கெட்ட வார்த்தை விழாமல் ஒரு தோட்டா காப்பாற்றியது. பிஜி-13 படங்களில் துப்பாக்கி வன்முறை 1985க்குப் பிறகு மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது என்று 2013இல் அங்குள்ள குழந்தை மருத்துவர்களின் ஆய்விதழ் கட்டுரை வெளியிட்டது. வார்த்தைகள் மட்டும் சுத்தமாக இருக்கின்றன.

நம்மவர்களும் வார்த்தையில் கறார். 2015இல் வாரியத் தலைவராக வந்த பஹ்லாஜ் நிஹலானி, படத்தில் வரக் கூடாத வசைச் சொற்களைப் பட்டியல் போட்டுச் சுற்றுக்கு விட்டார். அரசு முத்திரையோடு அத்தனை கெட்ட வார்த்தையும் ஒரே தாளில் கிடைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இப்போது ஒரு கோழிக்கு வருவோம். உங்கள் சண்டைக் காட்சியில் நாயகன் சந்தைக்குள் பாய்கிறான், ஒரு கோழி பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோழிக்காக இந்திய விலங்கு நல வாரியத்திடம் தடையில்லாச் சான்று வேண்டும். நிஜக் கோழி இல்லை, கணினியில் செய்ததென்றால் அதையும் எழுதிக் காட்ட வேண்டும். கோழி துன்புறக் கூடாது. முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். அதே சந்தையில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு மாடியிலிருந்து விழுகிற மனிதனுக்கு எந்தச் சான்று? 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு படப்பிடிப்பில் கார் பாய்ந்து உருளும் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்தார். அதற்கு முந்தைய ஜூலையில் சென்னையில் இன்னொரு படப்பிடிப்பில் உயரத்திலிருந்து விழுந்து இன்னொருவர். படம் தொடங்குமுன் 'இப்படத்தில் விலங்குகள் எதுவும் துன்புறுத்தப்படவில்லை' என்று எழுத்து வரும். 'மனிதர்கள் எவரும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்ல எந்தக் குழுவுக்கும் தோன்றவில்லை. திரையில் செத்த நாற்பது பேரின் ரத்தத்தைப் பாதியாக்கத் தெரிந்தவர்களுக்கு, நிஜத்தில் செத்தவனைப் பற்றிக் கேட்க ஒரு கட்டம்கூட அந்த விண்ணப்பத்தில் கிடையாது.

காசு விஷயம் ஒன்றிரண்டு வரியில் போதும். 2014இல் வாரியத்தின் தலைமைச் செயல் அதிகாரியே லஞ்ச வழக்கில் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் கைதானார். 2023இல் 'மார்க் ஆண்டனி' இந்திப் பதிப்புக்காக மும்பையில் ஆறரை லட்சம் கொடுத்தேன் என்று விஷால் வெளிப்படையாகச் சொன்னார். பார்க்க 3 லட்சம், சான்றிதழுக்கு 3.5 லட்சம் என்று ரகவாரியாக. வழக்குப் பதிவானது. இந்தக் கணக்கு உண்மையென்றால், படம் பார்க்கப் பார்வையாளனிடம் காசு வாங்கும் உலகத்தில், பார்ப்பதற்கே காசு வாங்கிய பார்வையாளர்கள் இவர்கள்தான்.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததால்தான் 2016இல் ஷியாம் பெனகல் தலைமையில் குழு போட்டார்கள். வயதுக்கேற்றபடி தரம் பிரிப்பதோடு வாரியம் நிறுத்திக்கொள்ளட்டும், வெட்டுகிற வேலை வேண்டாம் என்று அந்தக் குழு சொன்னது. அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். யு/ஏவை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தார்கள். அந்த எண்கள் பெற்றோருக்கு ஆலோசனை மட்டுமே, அரங்க வாசலில் எவரும் தடுக்கப் போவதில்லை. கத்தரிக்கோல் இருந்த மேசையிலேயே இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை 16+ படத்துக்கு அப்பாவின் தோளில் உட்கார்ந்து போகிறது. பாதி ரத்தம்தானே, ஒன்றும் ஆகாது.

சரி, இந்த வலி வெட்டப்படுவது தற்செயலா, கவனக்குறைவா? இல்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு தகப்பனும் மகனும் பிணமாகத் திரும்பினார்கள். நாடே கொதித்தபோது 'சாமி', 'சிங்கம்' படங்களை எடுத்த இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை விட்டார்: காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று. அந்த ஐந்துக்கும் முத்திரை குத்திய வாரியத்திடமிருந்து இன்றுவரை ஒரு முனகல் இல்லை. லாக்கப்பில் வைத்து விளாசுவதும், விசாரணையின்றிச் சுட்டுத் தள்ளுவதும், நீதிமன்றத்துக்குப் போனால் தப்பிவிடுவான் என்று வசனம் பேசுவதும் அவர்களுக்கு வன்முறையாகவே தெரிந்ததில்லை. அது அடிபடுகிறவன் பக்கமிருந்து எடுக்கப்பட்டால் மட்டும் கண் திறக்கும். மலைக் கிராமத்துப் பெண்களைப் போலீஸ் முகாமில் வைத்து வதைப்பதைக் காட்டிய 'விடுதலை' முதல் பாகத்துக்கு ஏ. பெரியவர்களுக்கான படம்தான் அது, மறுக்கவில்லை. அப்படியென்றால் அதே லத்தி நாயகன் கையில் இருக்கும்போது மட்டும் எப்படிப் பிள்ளைகளுக்கு ஆகிறது?

கேரளத்தில் 2025 மார்ச்சில் 'எம்புரான்' வந்தது. வாரியம் பார்த்துச் சான்றிதழ் கொடுத்த படம். குஜராத்தை நினைவுபடுத்தும் கலவரக் காட்சிகளைப் பார்த்துச் சிலர் கொதித்ததும், படக்குழு 'தாமாகவே முன்வந்து' 24 இடத்தில் வெட்டியது. வில்லனின் பெயரையும் மாற்றியது: பஜ்ரங்கி போய் பல்தேவ் ஆனான். கொலைகாரன் அதே கொலைகாரன். பெயரில்தான் வன்முறை இருந்ததாம்.

'சந்தோஷ்' என்று ஓர் இந்திப் படம். ஒரு பெண் காவலர், ஒரு தலித் சிறுமியின் கொலை, லாக்கப்பில் அடித்துக் கொல்லப்படும் ஒருவன். ஆஸ்கருக்குப் பிரிட்டன் அதை அனுப்பியது. இந்தியாவில் திரையிட வாரியம் சொன்ன வெட்டுகளைச் செய்தால் படமே மிஞ்சாது என்று இயக்குநர் சந்தியா சூரி சொல்லிவிட்டார். அரங்கு காணவில்லை.

அடுத்து 'பஞ்சாப் 95'. ஜஸ்வந்த் சிங் கல்ரா அமிர்தசரஸில் வங்கியில் வேலை பார்த்தவர். போலீஸ் பிடித்துக்கொண்டுபோன இளைஞர்கள் வீடு திரும்பாத காலம். கல்ரா மயானத்துக்குப் போனார். பதிவேட்டைப் புரட்டினார், விறகுக் கணக்கைப் பார்த்தார். உரிமை கோரப்படாத பிணங்கள் என்று எழுதி எரிக்கப்பட்டவர்கள் யார் என்று தேடினார். 1995 செப்டம்பரில் வீட்டு வாசலிலேயே அவரைப் போலீஸ் தூக்கியது. உடல்கூடக் கிடைக்கவில்லை. 2005இல் போலீஸ்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மத்தியப் புலனாய்வுத் துறையே அமிர்தசரஸ் மாவட்டத்தில் எண்ணிச் சொன்ன சட்டவிரோத எரிப்புகள் 2,097. இவ்வளவும் நீதிமன்ற ஏட்டில் இருக்கிறது. ஹனி த்ரெஹான் இதைப் படமாக்கி 2022 டிசம்பரில் வாரியத்துக்கு அனுப்பினார். முதலில் 21 வெட்டு என்றார்கள். அது வளர்ந்து 120 ஆகி, 127இல் வந்து நின்றது. தலைப்பில் பஞ்சாப் கூடாது, பஞ்சாப் போலீஸ் என்று சொல்லக் கூடாது, கல்ரா என்ற பெயரே கூடாது என்கிறார்கள் என்று இயக்குநர் சொல்கிறார். உச்ச நீதிமன்றம் உச்சரித்த பெயரை, கல்ராவாக நடித்த தில்ஜித் தோசாஞ்ச் உச்சரிக்கக் கூடாது.

த்ரெஹானுக்கு ஒரு யோசனை. 127 வெட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். கேட்டதற்கு மேலேயே செய்து கொடுத்துவிடலாம். கல்ராவை வில்லனாக்குங்கள். தாடி ஏற்கனவே இருக்கிறது. நம் படங்களில் அதற்குமேல் சாட்சியம் கேட்கிற வழக்கமில்லை. தூக்கிக்கொண்டுபோன அதிகாரியை நாயகனாக்குங்கள். அவருக்கு மெதுநடை, பின்னணியில் உடுக்கையும் பறையும், முறுக்கிய மீசையில் ஒரு குளோசப், மனித உரிமை பேசுகிறவர்களைப் பார்த்து மூன்று பஞ்ச் வசனம். மயானத்தை இரவில் எடுங்கள், சிவப்பு எப்படியும் தெரியாது. 2,097 என்ற எண்ணிக்கை மிகையோ என்று தயங்க வேண்டாம்; எண்ணிக்கை ஏறினால் இங்கே சான்றிதழ் இறங்கித்தான் வரும். எரிமேடைப் பக்கம் நாயோ காக்கையோ வந்தால் மட்டும் விலங்கு நல வாரியத்தின் தடையில்லாச் சான்றை மறக்காமல் இணைத்துவிடுங்கள். யு/ஏ 13+ கையில் வந்துவிடும். தீபாவளிக்குத் திரையரங்கு கேட்டு வையுங்கள்.